வெண்பனியை உருக்கும் மின்விரிப்பு: சேலத்திலிருந்து செல்லும் பெற்றோருக்காக ஒரு மதிப்புரை

பிள்ளைகள் கனடாவிலோ அமெரிக்காவின் வடபகுதியிலோ குடியிருக்க, மகளின் பேறுகாலத்துக்காகவும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் குளிர்காலத்தில் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கிவரும் பெற்றோர் சேலத்தில் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீடுகளைச் சொல்லலாம். போய்வந்தவர்களைக் கேட்டால், அவர்கள் அஞ்சியது குளிருக்கு அல்ல, வாசற்படியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்குத்தான் என்பார்கள். குளிருக்குக் கனத்த உடை இருக்கிறது, வீட்டுக்குள் வெப்பமூட்டி இருக்கிறது. அறுபதைக் கடந்தவர் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும் அந்தப் பயணமும் அதற்குப் பிந்தைய பல மாதங்களும் குணமாவதிலேயே கழியும். படிகளிலும் நடைபாதையிலும் விரித்து மின்சாரத்தால் சூடேற்றி, விழும் வெண்பனியை அவ்வப்போது உருக்கிவிடும் ரப்பர் விரிப்புகள் அங்கே பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன. டொராண்டோவை ஒட்டிய புறநகரில் இருக்கும் என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் அவற்றின் மீது நடந்து பழகியதை வைத்து இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசற்படிகளுக்கு இது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். நீண்ட நடைபாதைக்கு அரைகுறை. கார் நிறுத்தும் தளத்துக்கு இதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஏற்காட்டு வீட்டின் பாசி பிடித்த படிக்கு ஒன்று வாங்கி வரலாமா என்று கேட்கிறவர்களுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். அது ஏன் என்பதற்குக் கீழே கணக்கு இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், விளம்பர வாசகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பொருளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். படிக்கென்று வரும் விரிப்பு 10 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் கொண்டது. அந்த நாட்டு வீடுகளின் படியகலத்துக்கு இது ஏறத்தாழச் சரியாகப் பொருந்துகிறது. நடைபாதைக்கு 20 அங்குலத்துக்கு 60 அங்குலம் என்ற அளவில் பெரியது கிடைக்கிறது. இரண்டு ரப்பர் தகடுகளுக்கு நடுவே வெப்பக் கம்பி வளைந்து வளைந்து ஓடுகிறது. மேற்புறத்தில் கால் பிடிப்புக்காக டயரில் இருப்பது போன்ற வரிகள் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் நீர் புகாத இணைப்பு முனை இருப்பதால், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய் கடைசியில் ஒரே ஒரு கம்பி வழியாகச் சுவரிலுள்ள வெளிப்புற பிளக்கில் சேர்த்துவிடலாம். அந்தக் கடைசிக் கம்பியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் சிறிய எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள். விரிப்பு வந்து சேர்ந்தும் கம்பி வராததால் முதல் பனிப்பொழிவை மாப்பிள்ளை மண்வாரியோடுதான் எதிர்கொண்டார்.

என் மகள் வீட்டில் ஐந்து படிகள். படிக்குக் கீழே கார் நிற்கும் இடம் வரை சிறிய நடைபாதை. ஐந்து படி விரிப்புகளையும் இரண்டு நடைபாதை விரிப்புகளையும் வாங்கிக் கோத்திருந்தார்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 27 சதுர அடி. அவற்றின் திறன் சதுர அடிக்கு 40 வாட் அளவில் இருப்பதால், எல்லாம் சேர்ந்து 1,080 வாட் இழுக்கின்றன; அந்நாட்டு 120 வோல்ட்டில் இது 9 ஆம்பியர். அங்கே சாதாரண வீட்டு மின்சுற்று 15 ஆம்பியருக்கு உரியது, அதிலும் தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடும் கருவிக்கு 12 ஆம்பியருக்கு மேல் சுமத்தக் கூடாது. ஆகவே இன்னும் ஒரு பெரிய விரிப்பைச் சேர்த்தால் எல்லைக்கு மிக அருகில் வந்துவிடுவோம். ஒரே பிளக்கில் எத்தனை விரிப்பு தாங்கும் என்பதை வாங்கும் முன்பே கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் அதைச் சொல்வதில்லை.

இத்தகைய விரிப்புகளை விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, ஒரு மணி நேரத்தில் 2 அங்குலப் பனியை உருக்கும் என்பது. இதைச் சரிபார்ப்பது கடினமல்ல. புதிதாக விழுந்த வெண்பனி பெரும்பாலும் காற்றுதான்; அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது விழுந்தால் எடை 5 கிலோ. ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூஜ்ஜியம் டிகிரியில் தண்ணீராக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 5 கிலோவுக்கு 1,670 கிலோஜூல்; ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் என்பதால், இது அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சதுர அடிக்கு 40 வாட் என்பது சதுர மீட்டருக்கு 430 வாட்; ஒரு மணி நேரத்தில் அது தரும் வெப்பம் 0.43 யூனிட். ஆக, விளம்பரம் பொய் சொல்லவில்லை. காற்றே அடிக்காமல், வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்து, ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் முழுவதும் பனிக்கே போய்ச் சேர்ந்தால் அந்த 2 அங்குலம் ஏறக்குறைய உண்மையாகிவிடும்.

வாசலில் நடப்பது வேறு. காற்று பலமாக வீசி, வெப்பநிலை கழித்தல் 15-க்குக் கீழே இறங்கும் இரவுகளில், விரிப்பு உண்டாக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு பனியைத் தொடுவதற்கு முன்பே காற்றோடு போய்விடுகிறது. அத்தகைய இரவுகளில் படியில் ஈரமும் பனிச்சேறும் கலந்து கிடந்ததைப் பார்த்தேன். விரிப்பு தோற்றது என்று சொல்ல முடியாது, வென்றது என்றும் சொல்ல முடியாது. நல்லவேளையாக, கடுங்குளிரில் பனி குறைவாகவே விழும். கனமான பனிப்பொழிவு பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள வெப்பநிலையில்தான் வருகிறது. மணிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் விழும்போது விரிப்பு அதை எளிதில் சமாளித்துவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் ஊரெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, நம் ஐந்து படிகள் மட்டும் கறுப்பாக நனைந்து கிடப்பதைப் பார்க்கும்போது, கொடுத்த காசு நினைவுக்கு வருவதில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பனி விழத் தொடங்கும் முன்பே விரிப்பு சூடாகியிருக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்த பிறகு சுவிட்சைப் போட்டால், அடியிலுள்ள பனி உருகி நீராக ஓடிவிடும்; மேலேயுள்ள பனியோ விரிப்பைத் தொடாமல் கூரை போல் வளைந்து நின்றுவிடும். நடுவில் காற்றுவெளி உண்டாகிவிட்டால் வெப்பம் மேலே ஏறுவதில்லை. பார்வைக்கு உறுதியாகத் தெரியும் அந்தக் கூரையின் மீது காலை வைத்தால் பொத்தென்று உள்ளே இறங்கும். விரிப்பே இல்லாத படியைவிட இது ஆபத்தானது. ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே போடுவதற்கு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தானாகப் போட்டுக்கொள்ளும் கருவி வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் இயங்கி ஏழு டிகிரியில் நின்றுவிடும் மலிவான பிளக் ஒன்று அங்கே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் இரண்டு டிகிரிக்குக் கீழே என்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஏறக்குறைய எல்லா நாளும்தான். பனியே விழாத வறண்ட நாளிலும் அது வெட்டியாக ஓடிக்கொண்டிருக்கும். குளிரோடு ஈரத்தையும் உணர்ந்து இயங்கும் உணரி விலை கூடுதல். மகள் கைப்பேசியால் இயக்கும் பிளக் ஒன்றைப் போட்டிருக்கிறாள்; அலுவலகத்தில் இருந்தபடியே படியைச் சூடாக்கிவிடுகிறாள்.

இனி இந்தப் பொருளின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். விரிப்பு பனியை அழிப்பதில்லை, தண்ணீராக்கி அனுப்பிவிடுகிறது. அந்தத் தண்ணீர் விரிப்பின் விளிம்பைத் தாண்டியதும் மறுபடி குளிர்ந்த சிமெண்டைத் தொட்டு உறைகிறது. நடுப்பகுதி ஈரமாக நல்ல நிலையில் இருக்க, ஆப்பத்தைச் சுற்றி மொறுமொறுப்பான ஓரம் கட்டுவது போல் விரிப்பைச் சுற்றிலும் கண்ணாடிப் பனிக்கட்டி கட்டிவிடுகிறது. வெண்பனியில் கால் புதையும், வழுக்குவது குறைவு. இந்தக் கண்ணாடிக் கட்டியோ கண்ணுக்கே தெரியாது. ஐந்து படிகளிலும் பத்திரமாக இறங்கி வந்தவர் ஆறாவது அடியைத் தரையில் வைக்கும் அந்த ஓரத்தில்தான் விழுவார். இதற்கு முழுத் தீர்வு இல்லை. படிகள் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்து நீர் புல்வெளிப் பக்கம் ஓடுமாறு அமைந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். கடைசி விரிப்பின் விளிம்பில் உப்போ கால்சியம் குளோரைடோ தூவினால் மீதியும் ஓரளவு தீரும். உப்புச் செலவே இல்லை என்று எழுதி விற்கிறார்கள். அதை நம்பி உப்பு மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விரிப்புக்கு எதிரே நிற்கும் உண்மையான போட்டி அதுதான். நம் கல்லுப்பைப் போன்ற சாதாரண உப்பு, கழித்தல் 9 டிகிரி அளவுக்குக் கீழே போனால் பனிக்கட்டியை உருக்குவதில் சோர்ந்துவிடுகிறது. கால்சியம் குளோரைடு இன்னும் கடுமையான குளிரிலும் வேலை செய்யும், ஆனால் விலை கூடுதல். இரண்டும் சிமெண்ட் தளத்தை அரிக்கின்றன, செருப்போடு வீட்டுக்குள் வந்து மரத்தரையில் வெள்ளைக் கறையாகப் படிகின்றன, கரைந்து ஓடி ஓடைகளையும் நிலத்தடி நீரையும் கெடுக்கின்றன. மண்வாரியால் அள்ளுவதற்குக் காசு வேண்டாம், உடம்பு வேண்டும். கடுங்குளிரில் திடீரென்று கனத்த பனியை அள்ளிவீசுவது இதய நோயாளிகளுக்கு ஆபத்தானது என்று அங்குள்ள மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று மாமனார்கள் மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போவது நம் குடும்பங்களில் வழக்கமாக நடக்கும் காரியம். அதைத் தடுப்பதற்காகவாவது இந்த விரிப்பை வாங்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. வாசலில் வந்தவர் வழுக்கி விழுந்தால் அங்கே வீட்டுக்காரர் பொறுப்பேற்க நேரிடும். பனியில் விழுந்து அடிபட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2021 முதல் தனி விதியே இருக்கிறது.

செலவுக்கு வருவோம். படி விரிப்பு ஒன்றின் விலை 100 கனடா டாலரைத் தொடுகிறது, பெரியது அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. மின்கட்டணம் பயந்த அளவுக்கு இல்லை. எல்லா விரிப்புகளையும் 24 மணி நேரமும் ஓட்டினால் 26 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 12 சென்ட் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 3 டாலருக்குச் சற்று மேல், பிற கட்டணங்களும் வரியும் தனி. பனி விழும் நாட்களில் மட்டும் போட்டால் மாதச் செலவு ஒரு குடும்பம் வெளியில் ஒருவேளை சாப்பிடும் செலவைத் தாண்டாது. அங்கே நேரத்துக்கு நேரம் மின்கட்டணம் மாறும் முறையில் இருப்பவர்களுக்கு, குளிர்காலத்தில் வார நாட்களின் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான் கட்டணம் உச்சத்தில் இருக்கும். படி நமக்குத் தேவைப்படுவதும் சரியாக அந்த நேரங்களில்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைக் கட்டணமின்றிப் பெற்றுப் பழகிய நமக்கு, அந்த 100 யூனிட்டை நான்கே நாட்களில் வாசற்படி குடித்துவிடும் என்பது முதலில் திகைப்பாகத்தான் இருக்கிறது.

நடைபாதைக்கு அரைகுறை என்று சொன்னதன் காரணம் அகலம். 20 அங்குலம் என்பது ஒருவர் நேராக நடக்க மட்டுமே போதும். கைக்குழந்தையோடு ஒருவர் நடக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நடந்தால், பக்கத்தில் நடப்பவரின் கால் விரிப்புக்கு வெளியே, அந்தக் கண்ணாடி ஓரத்தின் மேல்தான் படும். கார் தளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 400 சதுர அடித் தளத்தை இந்தக் கணக்கில் சூடாக்க 16 கிலோவாட் தேவை. அதற்குத் தளம் போடும்போதே அடியில் நிரந்தரமாக வெப்பக் கம்பி பதிக்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் மட்டும் அது சாத்தியம். அந்த வகைக் கம்பிகளில் ஒன்றில் மின்கடத்தியைச் சுற்றி மக்னீசியா எனப்படும் மக்னீசியம் ஆக்சைடுத் தூளை அடைத்து மேலே உலோக உறை போடுகிறார்கள், ஏனென்றால் மக்னீசியா வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. சேலத்துக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவே பரந்து கிடக்கும் வெள்ளைக்கல் குன்றுகளில் இருப்பது அந்த மக்னீசியாவைத் தரும் மேக்னசைட்தான். நம் ஊர்க் கல்லுக்கு உருக்காலை உலைகளின் செங்கல்லாகும் பிழைப்பே பெரிது என்றாலும், பனியூரில் அதன் உறவினரைப் பார்த்ததில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஊரின் தெருக்களையே சூடாக்க நினைத்தவர்கள் மின்சாரத்தை நம்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹாலந்து நகரில் 1988 முதல் மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தால் சூடான நீரைத் தெருவுக்கு அடியில் குழாய்களில் ஓட்டிப் பனியை உருக்குகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பொருள் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. மின்கசிவு 5 மில்லி ஆம்பியர் அளவை எட்டியதும் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி கம்பியிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் போடும் கசிவுத் தடுப்பான் வழக்கமாக 30 மில்லி ஆம்பியரில்தான் துண்டிக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அதன் நுட்பம் புரியும். ஈரமான படியில் வெறுங்காலோடு யாரும் நிற்கப் போவதில்லை என்றாலும், தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கும்போது அந்த நுட்பம் தேவைதான். அந்த நுட்பமே தொல்லையும் தருகிறது. இரண்டு விரிப்புகள் சேரும் ஒரு முனையில் நீர் கசிந்ததால் நள்ளிரவில் அது துண்டித்துக்கொள்ள, காலையில் பார்த்தால் படிகள் அண்டை வீட்டுப் படிகளைப் போலவே வெள்ளையாக மூடிக் கிடந்தன. நிறுவனத்துக்கு எழுதியபோது, முனையைச் சரியாக அழுத்திப் பொருத்தவில்லை என்று பழியை எங்கள் மீதே போட்டுவிட்டு, மாற்றுப் பொருள் அனுப்ப மறுத்தார்கள். மாப்பிள்ளை விடாமல் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த பிறகே ஒரு விரிப்பை மட்டும் மாற்றித் தந்தார்கள். முனைகள் படியின் நடுவில் நீர் தேங்கும் இடத்தில் கிடக்காமல், சுவரோரம் சற்று உயரத்தில் இருக்கும்படி கட்டிவைப்பது இதற்கு நல்ல வழி. இரும்பு விளிம்புள்ள மண்வாரி விரிப்பின் மேல் படக் கூடாது. ரப்பர் கிழிந்தால் உள்ளேயுள்ள கம்பி வெளிப்பட்டுவிடும். விரிப்பின் மேல் வேறு மிதியடி போடுவதும் தவறு, வெப்பம் உள்ளேயே தேங்கிக் கம்பி கெட்டுவிடும்.

வயதானவர்களின் கால்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. விரிப்பின் வரிகள் பூட்ஸுக்கு நல்ல பிடிப்பைத் தருகின்றன. புடவையில் இறங்குகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், ஏனென்றால் படி எப்போதும் ஈரமாகவே இருக்கும். விரிப்பு படியின் முழு நீளத்தையும் மூடுவதில்லை. இரு பக்கமும் மூடாத இடத்தில் பனி கிடக்கும். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் இருந்து, விரிப்பு நடுவில் கிடந்தால், கம்பியைப் பிடிக்கச் சாயும்போது கால் பனிக்குப் போய்விடும். விரிப்பைக் கைப்பிடிப் பக்கம் ஒட்டிப் போட வேண்டும் என்று சொல்லி மாற்றிப் போட வைத்தேன். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும், ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றித்தான். “ஏக்கா, அந்த விரிப்புல ரெண்ட எடுத்தாந்திருந்தீன்னா நம்ம வீட்டுப் படிக்குப் போட்டிருக்கலாமே? ஐப்பசி கார்த்திகைல அந்தப் படில நிக்கவே முடியறதில்ல,” என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், மூடுபனி மதியம் வரை விலகாத நாட்களில் கருங்கல் படியில் பாசி படர்ந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் அதே மாதங்களில்தான் தொடங்குகிறது. கூடையோடு ஏறி இறங்குகிறவர்கள் விழுவதை நானே பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் வெண்பனி விழுவதில்லை என்பது மட்டுமே என் மறுப்புக்குக் காரணம் அல்ல.

பனியை உருக்குவதும் ஈரத்தை உலர்த்துவதும் வேறு வேறு காரியங்கள். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் போதும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். ஒரு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சதுர மீட்டருக்கு 5 கிலோ தண்ணீர். அதே 5 கிலோவைப் பனியாக உருக்க அரை யூனிட்டும் ஆகவில்லை, மழையாக உலர்த்த 3.4 யூனிட் ஆகும். சதுர மீட்டருக்கு 430 வாட் தரும் விரிப்பு, ஏற்காட்டு மழைக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றே நீராவியால் நிறைந்திருக்கும் மூடுபனி நாளில் உலர்வது இன்னும் தாமதமாகும். இதமான சூடும் தீராத ஈரமும் சேர்ந்து கிடைத்தால் விரிப்பின் ஓரத்தில் பாசி செழிக்கவே செய்யும்.

மின்னழுத்தச் சிக்கல் அதற்கு மேல். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வெறும் மின்தடைக் கம்பி என்பதால் அழுத்தம் கூடினால் திறன் இருமடி விகிதத்தில் ஏறும். அங்கே 1,080 வாட் இழுத்தது இங்கே நேரடியாகச் செருகினால் கிட்டத்தட்ட 4,000 வாட் இழுக்கப் பார்த்து, ரப்பர் உருகிப் புகையும். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மரைச் சேலத்துக் கடைகளில் சொல்லிச் செய்யலாம். ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்குவது எடையிலும் விலையிலும் விரிப்பையே தோற்கடிக்கும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு மழை படாத இடம் தேட வேண்டும். மழை வலுத்தாலே மலையில் மின்சாரம் போய்விடுகிறது என்பதைத் தம்பிக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கொத்தனாரை அழைத்துப் படியின் மேற்பரப்பை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஓரத்தில் நீர் வடியும் கோடு வெட்டி, மாதம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். மலையில் பழைய எஸ்டேட் வீடுகளின் படிகளை உற்றுப் பார்த்தால் அந்த உளித் தடம் இன்னும் தெரியும்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாங்கச் சொல்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். அக்டோபரிலேயே வாங்கச் சொல்லுங்கள். முதல் பெரிய பனிப்பொழிவு வந்த வாரத்தில் கடையில் படி அளவு தீர்ந்துபோய், பெரிய அளவு மட்டும் மிஞ்சியிருக்கும். படியின் ஆழத்தை அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். விரிப்பு படியின் முனைக்கு வெளியே துருத்தினால் அதுவே இடறிவிடும். பெரிய விரிப்புகளில் போடும் காசைப் படிகளிலும் கடைசிப் படியின் அடிவாரத்திலும் மட்டும் போட்டு, நடைபாதைக்கு மண்வாரியும் உப்பும் போதும் என்று விடுவது என் யோசனை; மகள் வீட்டில் மாற்றித் தந்த விரிப்பு இப்போது அப்படித்தான் கிடக்கிறது. வெளிப்புற பிளக் கசிவுத் தடுப்பு உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். ஏப்ரலில் எடுத்து வைக்கும்போது நன்றாகக் காயவிட்டு, மடிக்காமல் தட்டையாகவோ தளர்வாகச் சுருட்டியோ வைக்க வேண்டும், மடித்த இடத்தில்தான் கம்பி முறியும். விரிப்போடு மின்கம்பியும் பெட்டியில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.